சாண் போட்டு அளந்த வானவில்

(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மடுல்சீமைப் பக்கத்திலிருந்து படிக்க வந்த எங்களுக்கு வானவில் புதினமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொழுந்து மலைக்கு மேலே அடிக்கடி நிற்கும். ஆனால் அதைச் சுட்டிக் காட்ட எங்களுக்கு அனுமதி இருக்கவில்லை. "விரலை நீட்டாதே, அழுகிப்போகும்" என்பார்கள் எங்கள் அப்பாயிமார். கொழுந்து பறிக்கிற வீட்டில் இது சின்ன மிரட்டல் அல்ல. விரல் போனால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அடுப்பு எரியாது. ஆகவே நாங்கள் நாடியால் காட்டப் பழகிக்கொண்டோம்.

ரொபர்ட் பிளஸ்ட் என்ற அமெரிக்க மொழியியலாளர் இதே தடையை உலகின் பல மூலைகளிலும் தேடித் திரட்டினார். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத மக்களிடமும் அது இருந்தது. அப்பாயிமாருக்கு இவ்வளவு பெரிய துணை இருந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது! வானவில்லைத் தெய்வத்தின் பொருளாக எண்ணியதும் நாம் மட்டுமல்ல. நமக்கு அது இந்திரவில். சிங்கள அயலவர்களுக்கு 'தேதுன்ன', தேவரின் வில்.

கையை நீட்ட வைத்தவர் எங்கள் விஞ்ஞான ரீச்சர். ஒரு பின்னேரம் மழை விட்டதும் எங்களை முற்றத்துக்கு அழைத்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். "உன் தலையின் நிழல் எங்கே? அங்கிருந்து ஒரு சாண், அதன்மேல் இன்னொரு சாண்." முழுதாக நீட்டிய கையில் விரித்த சாண் ஏறக்குறைய 20 பாகை. வானவில்லின் சிவப்பு நிழலிலிருந்து 42 பாகையிலும் ஊதா 40 பாகையிலும் நிற்கும். இரண்டு சாணில் அகப்பட்டுவிடும். எங்களில் ஒருத்தி கையை நீட்டவே மாட்டேன் என்று அழுதாள். ரீச்சர் வற்புறுத்தவில்லை. "சுட்டவேண்டாம் பிள்ளை, சாண் மட்டும் போடு" என்றார். போட்டாள்.

பிறகுதான் பாடம். ஒளி மழைத்துளிக்குள் நுழையும்போது முறிகிறது, உட்புறத்தில் தெறிக்கிறது, வெளியேறும்போது மறுபடி முறிகிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-பாரிசியும் ஜேர்மனியில் தியோடோரிக்கும், ஒருவரை ஒருவர் அறியாமல், நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையை வைத்து இதைக் கண்டார்கள். துளிக்குள் இருமுறை தெறித்தால் வெளியே இரண்டாவது வில் வரும். அதில் நிறங்கள் தலைகீழ். அவரவர் தலைநிழலே நடு என்பதால், பக்கத்தில் நின்றவள் பார்த்தது வேறு துளிகளில் பிறந்த வேறு வில்.

சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் சமதரையில் நிற்பவருக்கு வில் இல்லை. எங்கள் ஊர் அதற்கு விலக்கு. பிட்டமாருவை விளிம்பில் நின்றால், வெயில் இங்கேயும் மழை கீழேயுமாக இருக்கும் நாளில், உச்சிப்பொழுதிலும் காலடிக்குக் கீழே வில்லைக் காணலாம்.

ஆங்கிலப் பாடத்தில் படித்த ஒன்றை மட்டும் நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. காலை வில் மழைக்கு, மாலை வில் வெளிப்புக்கு என்றிருந்தது. மேற்கிலிருந்து மழை வரும் இங்கிலாந்துக்கு அது பொருந்தும். மாலை வில் தோன்றுவது கிழக்கே; வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் எங்களுக்கு மழை வருவதும் அந்தப் பக்கமிருந்துதான். மார்கழி மாலையில் வில்லைக் கண்டதும் அப்பாயிமார் விறகை உள்ளே எடுத்து வைப்பார்கள். ஏன் என்று கேட்டால், கையை நீட்டாமல், நாடியால் கிழக்கைக் காட்டுவார்கள்.