பாலிமர் களிமண்: கடைக்குப் போகும் முன் சில வார்த்தைகள்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசு வாங்கப் பிள்ளைகள் துடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நீண்ட பேச்சு யாருக்கும் பிடிக்காது. நேரே விஷயத்துக்கு வருகிறேன். மண்டபத்தின் பின்பக்கம் மாணவர் கைவேலை மேசையைப் பார்த்திருப்பீர்கள். கட்டைவிரல் நகத்தளவு வாழையிலையில் நாசி லெமாக், ஐம்பது காசைவிடச் சிறிய தோசை, வண்ண மணி கோத்த தோடு. பார்த்த தாய்மார்கள் இரண்டே கேள்விதான் கேட்டாங்க: “இது எந்தக் கடையில கிடைக்கும்? வீட்டுல செய்யலாமா?” செய்யலாம். ஆனால் இந்தக் கைவேலையில் காசும் இருக்கு, சூடும் இருக்கு. அதனால் கொஞ்சம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்க.

பெயர்தான் களிமண். ஆற்றங்கரை மண்ணுக்கும் இதற்கும் உறவில்லை. பொங்கல் பானை வனைகிறார்களே, அந்த மண்ணை அறுநூறு எழுநூறு பாகை செல்சியசுக்கு மேலே சுட்டால்தான் பானை நிற்கும். இது வேறு. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் எதில் செய்ததோ, அதே பி.வி.சி.யை நுண்ணிய தூளாக்கி, எண்ணெய் போன்ற ஓர் இளக்கும் திரவத்தோடும் சாயத்தோடும் குழைத்து வைத்திருக்கிறார்கள். சூடு பட்டதும் அந்தத் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உடம்பாகிவிடுகின்றன. காற்றில் வைத்தால் காயாது, சூட்டில்தான் இறுகும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

இது வந்த கதையும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஜெர்மனியில் கேத்தே குரூசே என்ற அம்மையார் பொம்மை செய்து பெயர் பெற்றவர். பொம்மைத் தலை செய்து பார்க்கலாம் என்று இப்படி ஒரு பொருள் அவர் பட்டறைக்கு வந்தது. தலைக்கு அது சரிப்படவில்லை. அவர் மகள் சோஃபி அதைத் தூக்கிப் போடவில்லை. உருட்டியும் தட்டியும் அதில் கைவேலை செய்தார். சோஃபிக்கு வீட்டில் செல்லப்பெயர் ஃபிஃபி. 1964இல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனம் அதை வாங்கியது. ‘ஃபீமோ’ என்ற பெயரின் தொடக்கத்தில் இருப்பது அந்த ஃபிஃபிதான். இன்று அதைச் செய்பவர்கள், நம் பிள்ளைகளின் பையில் இருக்கும் ஸ்டெட்லர் பென்சில்காரர்கள். அமெரிக்கச் சரக்கு ‘ஸ்கல்பி’ என்று வரும்.

கடையில் முப்பது நாற்பது நிறம் அடுக்கியிருப்பார்கள். பிள்ளை எல்லாம் வேணும் என்றுதான் அழும். வாங்காதீங்க. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு, இந்த ஐந்து போதும். எட்டுப் பங்கு மஞ்சளுக்கு ஒரு பங்கு நீலம் சேர்த்துப் பிசைந்தால் இலைப்பச்சை வந்துவிடும். 57 கிராம் கட்டி ஒன்றில், ஒரு சென்டிமீட்டர் மணி ஏறக்குறைய ஐம்பது உருட்டலாம். உருட்டுக்கட்டைக்கு ஒரு கண்ணாடிப் போத்தல், அடியில் போட ஒரு வழுவழுப்பான தரை ஓடு, துளை போட பல்குச்சி. இவ்வளவுதான் பட்டறை. மிச்சப்படுத்திய காசில் ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்க. பெயரும் சூட்டின் அளவும் அச்சிடாத மலிவுப் பொட்டலம் வேண்டாம்.

முதலில் சப்பாத்தி மாவு மாதிரி ஐந்து பத்து நிமிடம் பிசைய வேண்டும். பிசையாத கட்டி சுட்டபின் விரிசல் விடும். வெள்ளையை முதலில் தொடு, சிவப்பையும் கறுப்பையும் கடைசியில் தொடு. சிவப்பு கையில் ஏறினால் வெள்ளை முழுக்க ரோஜா நிறமாகிவிடும். நம் ஊர் வெயிலில் சரக்கு சீக்கிரம் கொழகொழத்துவிடும். அப்போது இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து மேலே புத்தகத்தை வைத்தால், மிஞ்சிய எண்ணெயைத் தாள் குடித்துவிடும். மிச்சத்தைக் காரிலோ ஜன்னலோரத்திலோ வைக்காதீங்க, பாதி வெந்துவிடும். கெட்டி பிளாஸ்டிக் டப்பாவிலும் நேராக வைக்காதீங்க, டப்பாவையே அரித்துவிடும். மெழுகுத் தாளில் சுற்றி வைத்தால் போதும்.

இனி சூடு. இதைப் பிள்ளைகள் செய்யக்கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஃபீமோவுக்கு 110 பாகை, முப்பது நிமிடம். ஸ்கல்பிக்கு ஏறக்குறைய 130 பாகை. பொட்டலத்தில் போட்டிருப்பதே சட்டம். பிரச்சினை எங்கே என்றால், சின்ன ஓவனில் திருகை 110இல் வைத்தாலும் உள்ளே 150 அடிக்கும். கம்பிக்குப் பக்கத்தில் அதற்கும் மேலே. அதனால்தான் வெப்பமானி வாங்கச் சொன்னேன். சூடு நிலைத்தபின் உள்ளே வைத்து, மேலே அலுமினியத் தாளைக் கூடாரம்போல் மூடுங்க. வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று நினைத்துச் சூட்டைக் கூட்டுவார்கள், அங்கேதான் கருகுகிறது. ஆறினால் தானே இறுகும். சூடு எல்லை மீறினால் வருவது வெறும் புகை அல்ல, கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு. உடனே மின்சாரத்தை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய்விடுங்க. மைக்ரோவேவ் கூடவே கூடாது, அடுப்புத் தீயும் கூடாது. களிமண் தொட்ட கத்தி, போத்தல், தட்டு மறுபடி சமையலுக்குப் போகக்கூடாது. ஓவனும் தனியாக இருந்தால் நல்லது. குடிக்கும் கோப்பை, சாப்பிடும் தட்டு, குழந்தை வாயில் வைக்கும் சாமான் எதையும் இதில் செய்யாதீங்க.

ஓவன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் முகம் வாட வேண்டாம். இரண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் உப்பு, முக்கால் கப் தண்ணீர், இதைப் பிசைந்து பழகலாம். மழைக்காலத்தில் வேர்த்துப் பூசணம் பிடிக்கும், நீண்ட நாள் நிற்காது. விரல் பழகுவதற்கு அது தாராளம்.

“இது பரீட்சைக்கு வருமா?” என்று ஓர் அப்பா கேட்டார். 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வையே எடுத்துவிட்டார்கள், நம் வீடுகளில் அந்தக் கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை! வராது ஐயா. ஆனால் வகுப்பில் பின்னக் கணக்குக்குத் தலையைச் சொறியும் பிள்ளை, மேசையில் எட்டுக்கு ஒன்று பங்கு போட்டுப் பச்சை வரவழைக்கிறதை நீங்களே பார்க்கலாம்.

இன்னொரு ஆசையும் காதில் விழுந்தது: “தோடு செஞ்சு தீபாவளிச் சந்தையில வித்தா நாலு காசு வருமே.” வரும். ஆனால் உடனே வேண்டாம். இரண்டாம் தடவை போடும்போது உடைகிற தோட்டை வாங்கியவர் நம்மிடம் திரும்பி வரமாட்டார். சுடும் ஒவ்வொரு தட்டிலும் அதே களிமண்ணில் மெல்லிய பட்டை ஒன்றும் சேர்த்து வைங்க. ஆறியபின் அதை வளைத்துப் பாருங்க. உடையாமல் வளைந்தால் வெந்தது. படக்கென்று முறிந்தால் அந்தத் தட்டை மறுபடி அதே சூட்டில் முழு நேரம் வைக்கலாம், கெட்டுப்போகாது. பட்டை பல தடவை தொடர்ந்து வளையும் வரைக்கும் அக்கா தங்கைக்குக் கொடுங்க, விலைக்குக் கொடுக்காதீங்க.

கைவேலை மேசையில் அப்படி இரண்டு பட்டைகள் வைத்திருக்கிறேன். நீலம் சரியாக வெந்தது, மஞ்சள் வேகாதது. போகும்போது இரண்டையும் வளைத்துப் பாருங்க. மஞ்சள் உடைந்தால் கவலை வேண்டாம், டப்பாவில் இன்னும் நிறைய இருக்கு.