சிறுதேரில் இட்ட பொன்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாடகங்களில் வரும் மாந்தர் இயல்பையும், அவற்றிற் காணப்படும் குறிப்புப் பொருள்களையும் ஆராய்ந்து பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். பல நூல்களைத் தொட்டுத் தொட்டுச் செல்வதினும் ஒன்றனுள் ஆழப் புகுதல் நன்றென்று கருதி, சூத்திரகன் இயற்றியதாக வழங்கும் மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்தை எடுத்துக்கொண்டோம். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியாரவர்கள் இதனை 'மண்ணியற் சிறுதேர்' என்னும் பெயரால் தமிழாக்கித் தந்திருத்தலின், வடமொழி கல்லாத நம்மனோர்க்கும் இஃது எட்டாக்கனியன்று. பத்து அங்கங்களையுடைய இந்நாடகம், அரண்மனையைப் புறத்தே நிறுத்தி, வணிகர் தெருவையும் சூதாடு களத்தையும் வழக்கு மன்றத்தையும் நம் கண்முன் கொணர்கின்றது.

உச்சயினி நகரத்துச் சாருதத்தன் பிறப்பால் அந்தணன், வாழ்க்கையால் வணிகன், ஈந்து ஈந்து வறியனானவன். வசந்தசேனை என்னும் கணிகை அவனிடத்து அன்பு பூண்டாள். அரசன் மைத்துனனாகிய சகாரன் ஓர் இரவில் அவளைத் துரத்திவர, அவள் சாருதத்தன் இல்லிற் புகுந்து, தன் அணிகலன்களை அடைக்கலப் பொருளாக வைத்துச் செல்கின்றாள். பின்னர் ஒரு நள்ளிரவிற் கள்வன் ஒருவன் சுவரைத் துளைத்து அவற்றைக் கவர்ந்து போகின்றான்.

இவ்விடத்திற் சாருதத்தன் கொண்ட துயரம் எத்தகையது என்பதை உற்றுநோக்க வேண்டும். பொருள் போயிற்றே என்று அவன் வருந்தவில்லை. வறியவன் வீட்டிற் களவு நிகழ்ந்ததென்றால் யார் நம்புவார் என்றே நடுங்குகின்றான். செல்வனாயிருந்தபோது அவன் வாய்ச்சொல்லே முறியாகச் சென்றது; இன்று அதே வாயிலிருந்து வரும் மெய் ஐயத்திற்கு இடமாகின்றது. அவன் மனைவி தூதை, தன் தாய்வீட்டிலிருந்து வந்த இரத்தின மாலையைக் கழற்றிக் கொடுக்கிறாள். அடைக்கலப் பொருளைச் சூதில் தோற்றுவிட்டதாகச் சொல்லி, அதற்கீடாக இம்மாலையைக் கொள்ளுமாறு சாருதத்தன் நண்பனை விடுக்கின்றான். கள்வன் கவர்ந்தான் என்னும் மெய்யினும், சூதில் தோற்றேன் என்னும் பொய் எளிதில் நம்பப்படும் என்பது அவன் கணக்கு. கொடுக்கல் வாங்கலிற் பழகிய நம்மவர்க்கு இக்கணக்கின் கொடுமையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி நாடகத்திற்குப் பெயர் தந்த காட்சிக்கு வருவோம். அது வருவது ஆறாம் அங்கத்தில். அதற்குள் களவுபோன நகைகள் வசந்தசேனையிடமே மீண்டுவிட்டன. அவற்றை அணிந்தே அவள் சாருதத்தன் இல்லத்தில் இருக்கிறாள். அவன் சிறுமகன் உரோகசேனன் அண்டை வீட்டுச் செல்வப் பிள்ளையின் பொற்றேரோடு விளையாடியவன். அதனை அப்பிள்ளை கொண்டு போய்விட, பணிப்பெண் மண்ணாற் செய்து கொடுத்த தேரை வேண்டாமென்று அழுகிறான். வசந்தசேனை அவனை ஆற்ற முயல்கிறாள். இவளும் உனக்குத் தாயே என்று பணிப்பெண் கூற, தாயாயின் இவள் உடம்பில் நகை ஏது என்று அச்சிறுவன் வினவுகிறான். நகையில்லாத தாயையே கண்டு வளர்ந்த பிள்ளை வேறென்ன கேட்பான்? அக்கேள்வி அவள் நெஞ்சைத் துளைத்தது. அழுதுகொண்டே அணிகளைக் கழற்றி மண்தேரில் நிரப்பி, இவற்றாற் பொற்றேர் செய்துகொள்க என்று கொடுக்கின்றாள்.

மண்தேர் எளிமைக்கு அறிகுறி, பொற்றேர் பேராசைக்கு அறிகுறி, மண்ணே போதுமென்று அமைவதே ஆசிரியர் கருத்து எனப் பொருள் கூறுவார் உளர். இஃது எமக்கு உடன்பாடன்று. நாடகத்தில் எவரும் அப்பிள்ளையை மண்தேரோடு அமைந்திரு என்று கடியவில்லை. அவன் அழுகையில் தவறு கண்டதாகவும் ஆசிரியர் காட்டவில்லை. வறுமையில் உழலுவோனுக்கு வறுமையின் சிறப்பை எடுத்துரைத்தல் செல்வர்க்கு எளிய அறமாகும். சூத்திரகன் அதனைச் செய்யவில்லை. மண்தேரை அவர் பொன்னைச் சுமக்கும் கலமாக ஆக்குகின்றார். அந்தப் பொன் எங்கே செல்கின்றது என்று தொடர்ந்து பார்ப்பவர்க்கே நாடகத்தின் உட்கோள் விளங்கும்.

வண்டி மாறி ஏறியதனால் வசந்தசேனை சகாரன் கையில் அகப்படுகின்றாள். அவன் இசையாத அவளைக் கழுத்தை நெரித்து, இறந்தாளென்று எண்ணி விட்டுப் போய், கொலைப் பழியைச் சாருதத்தன்மேற் சுமத்துகின்றான். ஒன்பதாம் அங்கம் வழக்கு மன்றம். நடுவர் சாருதத்தனை நன்கு மதித்து இருக்கை அளிக்கிறார்; வசந்தசேனையின் தாயும் அவனைக் குற்றஞ் சாட்டவில்லை. வழக்கு நிற்குமோ வீழுமோ என்னும் அவ்வேளையில், பிள்ளைக்குக் கொடுத்த நகைகளை அவளிடமே திருப்பித் தருமாறு விடுக்கப்பட்ட நண்பன் மைத்திரேயன் அங்கே வந்து, சகாரனோடு கைகலக்க, அவை யாவருங் காண அவன் இடுக்கிலிருந்து வீழ்கின்றன! தாய்க்கிழவி, இவை ஒத்திருக்கின்றன, ஆனால் அவையல்ல என்று தன் மகளின் பொருளையே மறுத்துக் காக்க முயல்கிறாள். சாருதத்தனோ அவை அவளுடையனவே என்று ஒப்புகின்றான். அவளை விட்டு எவ்வாறு பிரிந்தன என்பதை விளக்கமாட்டாது தடுமாறுகின்றான். மூன்றாம் அங்கத்தில் எதற்கு அஞ்சினானோ, அதுவே அதே நகைகளால் அவனுக்கு நேர்ந்தது. அன்பினால் ஈந்த பொருள் ஏழையின் இல்லத்திற் காணப்பட்டமையாற் களவுப் பொருளாயிற்று. அவற்றையே கழுத்திற் கட்டி, பறையறைந்து, கொலைக்களம் கொண்டு செல்க என்பது பாலக மன்னன் ஆணை.

சொல்லின் மதிப்பு சொல்வோன் நிலையால் அளக்கப்படுதலே இந்நாடகத்தின் பொருள் என்பது எம் துணிபு. பத்தாம் அங்கத்தில் இது மீண்டும் வருகின்றது. கொலை நடந்ததை அறிந்த தாவரகன் சகாரனுடைய அடிமை. விலங்கிட்டு அடைக்கப்பட்டிருந்த அவன் மாடத்திலிருந்து குதித்து வந்து உண்மையைக் கூவுகின்றான். சகாரனோ, இவன் பொன் திருடியதற்காக நான் தண்டித்தவன் என்கின்றான். அவ்வளவே, அடிமையின் மெய் காற்றிற் போயிற்று.

பிறப்பைப்பற்றியும் ஆசிரியர் வாளா இருந்திலர். கள்வன் சார்விலகனும் அந்தணனே. அவன் தன் பூணூலைக் கன்னத்துளை அளக்கும் கயிறாகப் பயன்படுத்துகின்றான். கொலைக்களம் செல்லும் சாருதத்தனோ, மகனுக்குக் கொடுக்க வேறொன்றுமின்மையால் அதே நூலைக் கழற்றிக் கொடுக்கின்றான். காவலர் இருவர் ஒருவர் குலத்தை ஒருவர் இழித்துச் சைகை காட்டிச் சண்டையிடுங் காட்சி நகை விளைப்பது. ஆயினும் ஒரு குலத்தின் பெயராற் கூடியிருக்கும் நாம் அதனைப் படிக்குங்கால் நகை சற்றே தொண்டையிற் சிக்குகின்றது. கொலைத்தொழில் செய்வாரைச் சிறுவன் சண்டாளரே என்று விளிக்க, அக்குலத்திற் பிறந்தும் நாங்கள் அவரல்லேம், நல்லோனை நலிவோரே அவர் என்று விடையிறுக்கின்றனர்.

நம் சங்கத்தில் வழக்குகள் பேசித் தீர்க்கும்பொழுது, நொடித்துப்போன குடும்பத்தார் ஒருவர் எழுந்து சொல்லும் சொல்லை நாம் எவ்வாறு கேட்கிறோம்? திருமண அழைப்பிலிருந்து அவர் பெயர் முதலில் விடுபடுகின்றது. பிறகு சாட்சியிலிருந்தும் விடுபடுகின்றது. சாருதத்தனுக்கு இரங்கிக் கண்ணீர் விடுதல் எளிது. அவன் நம் திண்ணையில் வந்து அமர்ந்திருக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தல் அத்துணை எளிதன்று.

வசந்தசேனை பௌத்தத் துறவி ஒருவராற் பிழைப்பிக்கப்பட்டு, வாள் ஓங்கிய வேளையில் வந்து சேர்கின்றாள், அரசும் மாறுகின்றது. சகாரனைச் சாருதத்தன் மன்னித்து விடுவிக்கின்றான். தாவரகன் அடிமை நீங்குகின்றான். முடிவு சற்று விரைவாகவே நிகழ்கின்றது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. உரோகசேனனுக்குப் பொற்றேர் செய்து கொடுத்ததாக மட்டும் நாடகத்தில் யாண்டும் இல்லை.

பண்டிதமணியவர்களின் மொழிபெயர்ப்பிலிருந்து வழக்கு மன்றக் காட்சியை அடுத்த கூட்டத்தில் நம் இளைஞர்கள் வேடமின்றிப் படித்துக் காட்டினும் போதும். தாய்க்கிழவியின் பகுதிக்கு வயது முதிர்ந்த ஓர் அம்மையாரையே வேண்டிக்கொள்கிறோம்.