குன்னூர் வகுத்த உணவுத் திட்டமும் மலைநாட்டு அடுக்களையும்



ஐந்திணைக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தொல்காப்பியர் தெய்வத்தை முதலில் வைத்தார். அதனை அடுத்து உணவை வைத்தார். விலங்கும் மரமும் பறையும் தொழிலும் அதற்குப் பின்னரே வருகின்றன. ஒரு நிலத்து மக்களை அறிய விரும்புவோர் அவர்கள் எதனை வணங்குகின்றனர் என்பதை அடுத்து, எதனை உண்கின்றனர் என்பதை அறிதல் வேண்டும் என்பது இவ்வைப்புமுறையால் பெறப்படும். திருவள்ளுவரும் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதியில் மூலிகையைப் பற்றிப் பேசவில்லை. உண்ணும் அளவையும் காலத்தையுமே பேசுகிறார். எனவே, ஒரு வீட்டில் நாளை என்ன சமைப்பது என்னும் வினா இலக்கிய அவைக்குப் புறம்பானது அன்று.

நீலகிரியில் அமர்ந்து இப்பொருளைப் பேசுவதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. இந்திய நாட்டின் உணவு ஆராய்ச்சி பிறந்த ஊர் குன்னூர். 1918ஆம் ஆண்டில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர், குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் ‘பெரிபெரி’ நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டுப் பார்த்தார். முழுக் கோதுமை, பால், பருப்பு, காய்கறி ஆகியவற்றை உண்டவை செழித்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் உண்டவை மெலிந்தன. அந்த ஓர் அறையே வளர்ந்து உணவு ஆராய்ச்சிக் கூடமாகி, 1958இல் ஐதராபாத்திற்குச் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

மெக்காரிசனுக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற ஏக்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து மதிப்பையும் நிறைவான உணவைத் திட்டமிடும் முறையையும் கூறும் சிறுநூல் ஒன்றை 1937இல் வெளியிட்டார். அரிசியும் கேழ்வரகும், கீரையும் பருப்பும் என்னென்ன சத்துகளை எவ்வளவு கொண்டுள்ளன என்பது அட்டவணையாக வகுக்கப்பட்டது. அரிசியின் ஒரு பகுதியைக் குறைத்துச் சிறுதானியம் சேர்க்கலாம், பருப்பையும் கீரையையும் பாலையும் கூட்டலாம் என்பது அந்நூலின் அறிவுரை. நெல்லைப் புழுக்கிக் குத்தினால் தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியினுள் ஊறி நிற்கும் என்பதையும் குன்னூர் ஆய்வாளர்கள் விளக்கினர். தமிழகத் தாய்மார்கள் பன்னெடுங்காலமாகச் செய்துவந்த புழுங்கலரிசிக்குக் கிடைத்த அறிவியல் சான்று அது.

அட்டவணை இருந்தும் அடுக்களை ஏன் எளிதில் மாறுவதில்லை? அட்டவணை சத்தை மட்டுமே அளக்கிறது. இல்லத்தரசியோ நான்கு பொருள்களை ஒருங்கே அளந்து பார்க்கிறாள். கொள்கை, பழக்கம், காலம், காசு ஆகியவையே அந்நான்கும். இவற்றுள் ஒன்றை மறந்தாலும் திட்டம் தாளோடு நின்றுவிடும்.

முதலில் கொள்கையை எடுத்துக்கொள்வோம். நீலகிரித் தோடர்கள் எருமையைப் புனிதமாகப் போற்றுபவர்கள். பெரிதும் புலால் நீக்கியவர்கள். பாலும் மோரும் வெண்ணெயும் அவர்கள் உணவின் நடுவிடத்தைப் பெற்றன. அவர்கள் உழவு செய்யவில்லை. தானியத்தைப் படகர்களிடமிருந்து பெற்றனர். படகர்கள் கேழ்வரகும் சாமையும் விளைத்தனர். கோத்தர்கள் இரும்புக் கருவியும் மண்பானையும் செய்து கொடுத்தனர். குறும்பர்கள் காட்டிலிருந்து தேன் கொணர்ந்தனர். ஒவ்வொரு குடியும் தன் நெறியை விட்டுக்கொடாமல், தன்னிடம் இல்லாததை மற்றவரிடமிருந்து பெற்று உண்டது. கொள்கை உணவைக் குறுக்கிவிடும் என்பார்க்கு இம்மலை தரும் விடை இதுவேயாகும்: ஒன்றை விலக்கிய வீடு, அதன் சத்தை எங்கிருந்து ஈடு செய்வது என்பதையும் சேர்த்துத் திட்டமிட்டால் குறை நேராது. இன்று சைவ உணவு கொள்ளும் குடும்பத்தில் பருப்பும் பாலும் கீரையும் மறவாது இடம்பெற வேண்டும் என்பதும் அதே நெறிதான்.

அடுத்தது பழக்கம். ‘இதுதான் எங்கள் வழக்கமான உணவு’ என்று கூறப்படுவது பெரும்பாலும் நினைப்பதைவிட இளையது. ஜான் சல்லிவன் 1819இல் இம்மலைக்கு வந்த பின்னரே உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் இங்கு வேரூன்றின. கேழ்வரகும் சாமையும் விளைந்த சரிவுகள் முதலில் கிழங்கு வயல்களாயின. பின்னர்த் தேயிலைத் தோட்டங்களாயின. தானியம் விளைத்த குடும்பம் தானியத்தை விலைக்கு வாங்கும் குடும்பமாக மாறியது. 1990களின் இறுதியில் பசுந்தேயிலையின் விலை சரிந்தபோது அம்மாற்றத்தின் சுமை அடுக்களையில் வந்து இறங்கியது. களியும் அவரைக் குழம்பும் இருந்த தட்டில் வெள்ளைச் சோறும் நீர்த்த குழம்பும் வந்து அமர்ந்தன.

தாயகம் திரும்பியோர் வீடுகளும் இதற்குச் சான்றாகும். 1964 அக்டோபர் 30இல் கையொப்பமான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கு வாழ்வளிக்கும் பொருட்டு, 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இங்குத் தொடங்கப்பெற்றன. 1976இல் அவை தனிக் கழகமாயின. அம்மக்கள் கடல் கடந்து கொண்டுவந்தவற்றுள் கோதுமை மாவு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் அடங்கும். அவர்களின் முன்னோர் இலங்கைக்குச் சென்றபோது ரொட்டி அவர்கள் வழக்கம் அன்று, தோட்டத்தில் கிடைத்தது உணவாயிற்று, உணவானது சுவையாயிற்று, சுவையானது பிரிந்து வந்த மண்ணின் நினைவும் ஆயிற்று. அத்தகைய உணவை ‘சத்துக் குறைவு’ என்று கூறித் தட்டிலிருந்து நீக்கச் சொல்வது அறியாமை. மாவில் பாதி கேழ்வரகு மாவைக் கலந்து, உடன் ஒரு பருப்பையோ கீரையையோ வைத்தால், நினைவும் நிலைக்கும். உடலும் நலம் பெறும்.

மூன்றாவது காலம். உதகை கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் குறைவாதலின் தண்ணீர் 92 அல்லது 93 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பும் அவரை விதையும் சமவெளியைவிட நெடுநேரம் கழித்தே வேகும்; விறகும் எரிவாயுவும் கூடுதலாகச் செலவாகும். குளிரில் இட்லி மாவு புளிப்பதற்கும் நேரம் பிடிக்கும். அடுப்பின் அருகே வைத்துக் காக்க வேண்டியுள்ளது. ஆகவே மலைநாட்டில் நாளைய உணவு இன்றிரவே தொடங்கிவிடுகிறது. பயறு ஊறவைக்க மறந்த வீட்டில் மறுநாள் சோறும் ஊறுகாயுமே மிஞ்சும். விடியுமுன் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கொழுந்துக் கூடையுடன் மலைச்சரிவுக்குச் செல்லும் பெண்ணுக்கு ஊறவைத்த ஒரு படி பயறும் அழுத்தக் கொதிகலமும் சொகுசுப் பொருள்கள் அல்ல; அவள் உணவுத் திட்டத்தின் அடித்தளங்கள் அவை.

இவ்விடத்தில் தேயிலை மலைக்கே உரிய ஒரு செய்தியைக் கூறுதல் தகும். தேநீரில் உள்ள டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள், கீரை, பயறு, தானியங்களில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. உண்டு கை கழுவியதும் தேநீர் அருந்தும் வழக்கம் இம்மலை வீடுகளில் பரவலானது. 2019–21இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். கீரையை வாங்கி, ஆய்ந்து, சமைத்து, உண்டபின் அதன் பயனைத் தேநீரில் கரைத்துவிடுவது வீண் உழைப்பன்றோ? தேநீரை விட வேண்டுவதில்லை. உணவுக்கும் அதற்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டால் போதும். உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்கு சேரும். காசு செலவில்லாத மாற்றம் இது. பழக்கத்தைப் பறிக்காமல் அதன் இடத்தை மட்டும் மாற்றுவது.

நான்காவது காசு. 2011 ஜூன் முதல் தமிழகத்தில் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி வழங்கப்பெற்றது. பசி நீக்கிய அத்திட்டத்தின் அருமையை எவரும் மறுக்க இயலாது. ஆயினும், விலையின்றிக் கிடைப்பதே மூவேளையும் தட்டை நிரப்புவது இயல்பு. 2023 மே மாதத்தில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் சோதனை முயற்சியாக, 2 கிலோ அரிசிக்கு ஈடாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதன் மிகச் சிறு பங்கே உள்ளது. அரிசியில் ஒரு பகுதியைச் சிறுதானியத்துக்கு மாற்றுக என்று 1937இல் குன்னூரில் எழுதப்பட்டது, 86 ஆண்டுகள் கழித்து அம்மலையின் நியாயவிலைக் கடைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் கேழ்வரகு பைக்குள் வருவது ஒன்று. தட்டுக்கு வருவது மற்றொன்று. களி கிண்டும் கைப்பழக்கம் பாட்டியிடம் இருக்கிறது. பேத்திக்கு அது தெரியாது. அதனைக் கற்பிக்கும் பொறுப்பு கடைக்கு உரியதன்று, வீட்டுக்கு உரியது.

இவை அனைத்தையும் அளந்து திட்டமிடுபவள் ஒருத்தி. கணவனுக்குச் சோறு, மாமியாருக்குக் களி, பிள்ளைக்கு முட்டை என ஒவ்வொருவர் கொள்கையையும் சுவையையும் நினைவில் வைப்பவள் அவள். எல்லார்க்கும் பரிமாறியபின் எஞ்சியதை உண்பவளும் அவளே. மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. வீட்டுப் பானை அத்தகையது அன்று; கடைசியில் உண்பவர்க்குத்தான் அதில் பருப்பு குறையும், காய் தீரும். கொழுந்துக் கூடையைச் சுமக்கும் உடலுக்கு மிகுதியான உணவு வேண்டியிருக்க, மிகக் குறைந்த உணவு சேர்கிறது. வீட்டில் பேசப்படும் எந்தக் கொள்கையும் இதனை நியாயப்படுத்தாது. ஆயினும் பழக்கம் இதனைக் காத்து வருகிறது.

எனவே, குடும்ப உணவுத் திட்டத்தின் முதல் வரி எளியதாக அமையட்டும். பரிமாறத் தொடங்குமுன் சமைத்தவளுக்கு உரிய பங்கு தனியே எடுத்து வைக்கப்படட்டும். கூலி வாங்கும் நாளில், சந்தைக்குச் செல்லுமுன், வீட்டார் அனைவரும் அமர்ந்து அவ்வாரத்து உணவைப் பேசி முடிவு செய்யட்டும். பயறு ஊறவைக்கும் பொறுப்பை ஆண்மகனும் ஏற்கட்டும். கொள்கை மாறவேண்டுவதில்லை, பழக்கம் அழியவேண்டுவதில்லை, காசும் பெரிதாகக் கூடாது. சத்தை அளக்கக் குன்னூர் 1937இலேயே கற்றுத் தந்துவிட்டது. அந்தச் சத்து யாருக்குச் சேர்கிறது என்பதை அளக்கும் கடமை ஒவ்வொரு வீட்டுக்கும் எஞ்சி நிற்கிறது.