அடர்ந்த கூந்தலும் அளவான சூடும்

தோட்டப்புறங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து நம்மவர்கள் குடியேறியிருக்கும் வீடமைப்புப் பகுதிகளிலும், கல்யாணமோ தீபாவளியோ நெருங்கிவிட்டால் இளம் பெண்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அம்மா, முடியை நேராக்கிக்கொள்ளட்டுமா?" என்பதே அது. அலை அலையாக, அடர்த்தியாக வளரும் கூந்தல் நம் பெண்களில் பலருக்குப் பிறவியிலேயே அமைந்தது. அதை நேராக்கிப் பார்க்க ஆசைப்படுவது குற்றமன்று. ஆனால் ஒரு நாள் அழகுக்காகப் பல ஆண்டு வளர்ந்த முடியைப் பறிகொடுக்கலாமா? ஆகவே முடி எப்படி நேராகிறது, எதனால் கெடுகிறது என்பதை நாம் முதலில் தெரிந்துகொள்வோம்.

முடி, கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நமது நகமும் அதே பொருள்தான். இந்தப் புரத இழைகளை இரண்டு வகைக் கட்டுகள் பிணைத்து வைத்திருக்கின்றன. முதல் வகை, தண்ணீர் பட்டால் அவிழும். காய்ந்தால் மறுபடி கட்டிக்கொள்ளும். ஈர முடியைப் பின்னிக் காயவிட்டால், அவிழ்த்த பிறகும் பின்னலின் நெளிவு நிற்கிறதே, அது இதனால்தான். இரண்டாவது வகை கந்தகக் கட்டு. அது தண்ணீருக்கு அசையாது. இரசாயன மருந்துக்கே அவிழும்.

ஸ்ட்ரெய்ட்டனர் என்னும் மின்சார இடுக்கி முதல் வகைக் கட்டுகளை மாற்றித்தான் முடியை நேராக்குகிறது. அதனால்தான் நம் நாட்டு ஈரக் காற்று பட்டதும், ஒரு மழை பெய்ததும், பழைய அலை திரும்பி வருகிறது. இது இயற்கை. அலை திரும்புகிறதே என்று சூட்டைக் கூட்டிக்கொண்டே போவதுதான் கேடு.

வெளியே தெரியும் முடி உயிரற்றது. வெந்த தோல் ஆறும். வெந்த முடி ஆறாது. அதை வெட்டத்தான் வேண்டும். முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். 30 சென்டிமீட்டர் முடியை இழந்தால், அது திரும்ப வளர இரண்டரை ஆண்டு ஆகும். இந்தக் கணக்கை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.

இனி, செய்யும் முறைக்கு வருவோம்.

முதலாவது, ஈர முடியில் சூடான இடுக்கியை வைக்கவே கூடாது. முடிக்குள் இருக்கும் நீர் கொதித்து ஆவியாகி, முடியின் உள்ளேயே குமிழி கட்டிவிடும். அந்த இடத்தில் முடி ஒடியும். 'சொய்ங்' என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது, எண்ணெய் தடவிய தலையிலும் இடுக்கி ஆகாது. தேங்காய் எண்ணெய் நல்லதுதான். அது முடிக்குள் ஊறி, புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. ஆனால் அதைத் தலை முழுகுவதற்கு முன்பே தேய்த்து, பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும். எண்ணெய் தங்கினால் முடி கனத்துப் படிந்து, அடர்த்தியும் தெரியாது.

மூன்றாவது, காய வைப்பதில் கவனம் வேண்டும். பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுங்கள், முறுக்கித் தேய்க்காதீர்கள். பிறகு தலையைக் கீழே கவிழ்த்து, வேர்ப்பக்கம் காற்றுப் படும்படி காய விடுங்கள். வேர் தூக்கிக் காய்ந்தால்தான் கூந்தல் அடர்த்தியாகத் தெரியும்.

நான்காவது, வெப்ப அளவைக் காட்டும் இடுக்கியையே வாங்குங்கள். 150 பாகை செல்சியஸில் தொடங்கி, தடித்த முடிக்கு 180 வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். வெப்பத்திலிருந்து காக்கும் பூச்சு கடைகளில் கிடைக்கிறது. அது கேட்டைக் குறைக்கும், அடியோடு தடுக்காது.

ஐந்தாவது, பெரிய பல் சீப்பால் சிக்கு எடுத்து, ஓர் அங்குல அகலத்திற்கு முடியைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரிவையும் மேல் நோக்கித் தூக்கிப் பிடித்து, வேரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி இடுக்கியை வைத்து, ஒரே முறை மெதுவாக இழுங்கள். வேரை அழுத்தாமல் விட்டால் தலையோடு ஒட்டிப் போகாது. ஆறிய பிறகே சீவ வேண்டும். ஆறும்போதுதான் வடிவம் நிலைக்கிறது.

சூடே இல்லாத வழியும் உண்டு. முக்கால் பங்கு காய்ந்த முடியைச் சீவி, தலையைச் சுற்றி வளைத்துப் படிய வைத்து, ஊசி குத்தி, மெல்லிய துணியால் கட்டி விடுங்கள். முழுதும் காய்ந்ததும் அவிழ்த்தால் அலை பெரும்பாலும் தணிந்திருக்கும். வகிடு எடுக்கும் பக்கத்தை மாற்றினால், படிந்த வேரும் எழுந்து நிற்கும். காசும் செலவில்லை, காயமும் இல்லை.

துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியால் முடியைத் தேய்ப்பதை மட்டும் எந்த வீட்டிலும் அனுமதிக்காதீர்கள். முகமும் காதும் வெந்துபோகும். தப்பித் தவறிச் சுட்டுவிட்டால், பற்பசை தடவாமல், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பிறகு மருந்தகம் செல்லுங்கள்.

அழகு நிலையங்களில் செய்யும் 'ரீபாண்டிங்' கந்தகக் கட்டையே அவிழ்த்து மாற்றுவது. அது நெடுநாள் நிற்கும். ஆனால் புதிதாக வளரும் முடி பழைய அலையோடுதான் வரும். மருந்து அதிக நேரம் ஊறினால் முடி அறுந்து விழும். ஏற்கெனவே சாயம் போட்ட முடி இன்னும் எளிதில் அறும். வேறு சில நேராக்கும் மருந்துகள் சூடு படும்போது பார்மால்டிஹைடு என்னும் ஆவியை வெளிவிடுகின்றன. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலும் வரலாம். இது மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வகைப்படுத்தியது. அமெரிக்காவில் 33,497 பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. இரசாயன நேராக்கிகளை ஓராண்டில் நான்கு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் இரு மடங்குக்கு மேல் காணப்பட்டது என்று அது கூறியது. இதுவே காரணம் என்று அந்த ஆய்வு முடிவு கட்டவில்லை. ஆயினும், கருவுற்ற பெண்களும், ஆஸ்துமா உள்ளவர்களும், வளரும் பிள்ளைகளும் இவற்றைத் தவிர்ப்பதே அறிவுடைமை. நிலையத்திற்குப் போனால், மருந்தின் பெயரைக் கேளுங்கள். புட்டியின் மேலுள்ள சீட்டைப் படியுங்கள். பணம் கொடுப்பவர் நாம். கேட்க நமக்கு உரிமை உண்டு.

தாய்மார்களே! மகளை நேராக்காதே என்று அதட்ட வேண்டாம். அதே வேளையில், "இந்தக் காட்டு முடியை எப்படித்தான் சீவுவது!" என்று அவள் காதுபடச் சலித்துக்கொள்ளவும் வேண்டாம். அந்தச் சொல் மனத்தில் தங்கினால், எந்த இடுக்கியாலும் அதை நேராக்க முடியாது. விசேஷ நாளில் அளவான சூட்டோடு நேராக்கிக்கொள்ளட்டும். மற்ற நாளில் அலையாடும் கூந்தலோடு தலை நிமிர்ந்து நடக்கட்டும். இரண்டும் அவளுக்கு அழகே.