வேலையிழந்தார்க்கு உரிய பங்கு
(ரமணாசிரமப் பகுதியில் கூடிய நம் சங்கக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)

  

 யான் பள்ளியில் தமிழ் பயிற்றுவோன், சட்டம் கற்றவனல்லேன். எனினும், நம்மவருட் பலர் கடையும் உணவுவிடுதியும் நடத்தி நாலு பேருக்குச் சம்பளம் கொடுப்பவராதலின், கொள்ளைநோய்க் காலத்தில் யான் கண்ட ஒன்றை அவர்கள்முன் வைத்தல் என் கடனென்று கருதுகின்றேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. பௌர்ணமிதோறும் மக்கள் வெள்ளம் நிறையும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை வெறிச்சோடிக் கிடந்தது. செங்கம் சாலையில் ஆசிரமத்தை அடுத்த கடைகள் கதவடைத்தன. அந்நாளிலே, சென்னையில் உணவுவிடுதிகளில் வேலைபார்த்த நம் தெருப் பிள்ளைகள் இருவர் வேலையிழந்து ஊர் திரும்பினர். இருவரும் என் பழைய மாணாக்கர். இருவர்க்கும் மாதச் சம்பளம் 12,000 ரூபாய். இருவரும் மூன்றாண்டுக்கு மேல் உழைத்தவர்.

ஒருவனை அவன் முதலாளி தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தில், அஃதாவது ஈ.எஸ்.ஐ.யில், சேர்ந்த நாளிலேயே பதிவுசெய்திருந்தார். மற்றவன் முதலாளியோ பதினொரு பேரை வைத்துக்கொண்டு ஒன்பது பேரென்று ஏட்டில் எழுதிவந்தார். பத்துப் பேரானாற் சட்டம் பற்றும் என்பதே காரணம். அவர் நம் குலத்தவரே என்பதைச் சொல்ல என் நா கூசுகின்றது.

இவ்விருவர்க்கும் வந்த வேறுபாடு யாது? 2018-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் அக்கழகம் ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. வேலையிழந்த காப்பீட்டாளர்க்கு, வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள் வரையில், சராசரி நாட்கூலியில் காற்பங்கு கொடுப்பது அது. கொள்ளைநோய் வந்தபின், 2020 மார்ச்சு 24 முதல் அவ்வாண்டு இறுதி வரை வேலையிழந்தார்க்கு அக்காற்பங்கு அரைப்பங்காயிற்று. 90 நாள் காத்திருந்து கேட்டல் வேண்டும் என்பது 30 நாளாகக் குறைந்தது. முதலாளி வாயிலாக அன்றித் தொழிலாளியே கிளை அலுவலகத்தில் நேராக விண்ணப்பிக்கவும் இடமளிக்கப்பட்டது.

முதற்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் வீதம் 18,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. மற்றவனுக்கு அவன் முதலாளி ஒரு மூட்டை அரிசியும் 2,000 ரூபாயும் கொடுத்தனுப்பினார். அவர் இரக்கமற்றவரல்லர். ஆயினும் வள்ளுவனார் ஒப்புரவறிதலை ஓரதிகாரமாகவும் ஈகையை வேறோரதிகாரமாகவும் வகுத்ததை நோக்குங்கள். உரியதைச் செய்தல் வேறு. இரங்கிக் கொடுத்தல் வேறு. அவர் ஈந்தது அரிசி, தடுத்தது உரிமை.

அவர் மிச்சம் பிடித்ததுதான் எவ்வளவு? அக்காலத்து விதிப்படி முதலாளி பங்கு நூற்றுக்கு 3.25, தொழிலாளி பங்கு 0.75. 12,000 ரூபாய்க்கு முறையே 390 ரூபாயும் 90 ரூபாயும் ஆகும்.

2020 மார்ச்சு 29-இல் முழுச் சம்பளமும் கொடுக்குமாறு மத்திய உள்துறை ஆணையிட்டது. மே 18 முதல் அது நீங்கிற்று. பூட்டிய கடையின் கல்லாவிலிருந்து சம்பளம் எடுக்க எத்தனை முதலாளிகளால் இயலும்? ஆதலின், நல்ல நாளிற் சேர்த்துவைத்த பொதுநிதியே கெட்ட நாளிற் கைகொடுப்பது. தொழிலாளியும் முதலாளியும் அரசும் பங்கிட்டு இத்தகைய நிதி சேர்க்கும் முறையை ஆங்கில நாட்டார் 1911-ஆம் ஆண்டிலேயே சில தொழில்களில் ஏற்படுத்தினர்.

ஆதலால், முதலாளிமாரே! மூன்று செய்திகளைக் கருத்திற் கொள்க. முதலாவது, வேலைக்குச் சேர்ந்த அன்றே பதிவுசெய்க. ஈராண்டு காப்பீட்டு வேலையிலிருந்து, வேலையிழக்குமுன் முடிந்த அரையாண்டில் 78 நாளும், அதற்கு முந்தைய மூன்று அரையாண்டுகளுள் ஒன்றில் 78 நாளும் சந்தா செலுத்தியவர்க்கே அன்று உதவி கிடைத்தது. வெள்ளம் வந்தபின் அணைபோட இயலாது. இரண்டாவது, காப்பீட்டு எண்ணைத் தொழிலாளி கையிற் கொடுத்து, அவர் பெயரும் ஆதாரும் வங்கிக் கணக்கும் ஒத்திருக்கச் செய்க. மூன்றாவது, வேலையினின்று நீக்கிய நாளையும் காரணத்தையும் மெய்யாக எழுதுக. ஒழுங்கீனத்துக்குத் தண்டனையாக நீக்கப்பட்டவர்க்கும் விருப்ப ஓய்வு பெற்றவர்க்கும் அவ்வுதவி இல்லையாதலின், பொய்யாக எழுதிய ஒரு வரி ஒரு குடும்பத்தின் மூன்றுமாத அடுப்பை அவித்துவிடும். விதிகள் காலந்தோறும் மாறுவன. அவ்வப்போதைய விதியைக் கிளை அலுவலகத்திற் கேட்டறிக.

அரிசி மூட்டையோடு வந்த அப்பிள்ளை என்னை நோக்கி, “ஐயா, அவனும் நானும் ஒரே வேலைதானே செய்தோம்?” என்று கேட்டான். யான் விடையின்றி நின்றேன். நம் சங்கத்தார் கடைகளில் வேலைபார்ப்பவர் எவரும் இனி அவ்வாறு கேட்க நேராமற் காப்பது உங்கள் பொறுப்பு.