தொண்டரின் விடுமுறை

பிறநாடு சென்று தொண்டு செய்பவருக்கும் விடுமுறை உண்டன்றோ? அதை அவர் எங்கே கழிப்பது? வன்னிக்கு வந்தோரைக் கொண்டே பார்ப்போம்.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்பின் கண்டி வீதி திறக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவைச் சிதைத்தது. அக்காலத்தில் இலண்டனிலும் தொரொன்ரோவிலும் வளர்ந்த எம் இளைஞரும் பிறநாட்டாரும் வன்னிக்குத் தொண்டாற்ற வந்தனர். ஓய்வு கிடைத்ததும் நுவரெலியாவின் குளிரை நாடுவது இயல்பே. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், வன்னியை அகதி முகாமாக மட்டும் கண்டவர் அதன் பாதியையே கண்டவராவர்.

கனகராயன் ஆற்றுநீர் தேங்கும் இரணைமடுக் குளக்கட்டிலே ஒரு மாலை நடக்கலாம். ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவிலே, 1803இல் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக ஆங்கிலேயர் கல் நாட்டினர். கல் வென்றவருடையது, ஊர் நினைவிலே நிற்பவனோ தோற்றவன்!

வைகாசிப் பொங்கலன்று வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குச் செல்லலாம். அங்கே கடல்நீரில் விளக்கெரியும் என்பர். அந்தக் கூட்டத்திலே தொண்டரை எவரும் உதவி கேட்டு நெருங்குவதில்லை. கொடுத்தே பழகியவர் அங்கே விருந்தாளியாகிறார். அது அவருக்குச் சற்றுக் கூச்சமாகவும் இருக்கும், இருக்கட்டும்.

கோயிலின் அருகே நந்திக்கடல். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது அதன் கரையிலேதான். இன்று அங்கே நிழற்படம் எடுக்க விரும்பும் பயணி, பக்கத்தில் நிற்பவரிடம் முதலில் ஒரு சொல் கேட்டுக்கொள்ளட்டும். அவர் அங்கே யாரையேனும் இழந்தவராக இருக்கக்கூடும்.