மாணவரும் வாதப் பயிற்சியும்



வகுப்பிலே மாணவரை வாதிடப் பழக்கினால் அவர்கள் மூத்தோரை எதிர்த்துப் பேசுவோராகிவிடுவர் எனப் பெரியோர் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் முற்றிலும் காரணமற்றதன்று. நாம் மிஷன் பாடசாலையில் பயின்ற காலத்தில், விவாத மேடையொன்றில் எதிர்க்கட்சியாரை எள்ளி நகையாடியே வெற்றி பெற்றோம். கரகோஷமும் கிடைத்தது. மறுநாள், “எதிர்க்கட்சியார் கூறிய நியாயம் யாது?” என ஆசிரியர் வினவினார். ஒன்றும் கூற இயலாது நின்றோம். அன்று எமக்குற்ற நாணமே இன்று இப்பொருளைப் பேசத் தூண்டியது.

நம் முன்னோர் வாதத்தை இவ்வாறு கருதினாரல்லர். உண்மை காணும்பொருட்டு நிகழ்வதை வாதம் என்றும், வெற்றியையே நாடுவதை ஜல்பம் என்றும், தன் கொள்கையை நிலைநாட்டாது பிறர் கொள்கையைக் கண்டித்தலையே தொழிலாகக் கொண்டதை விதண்டை என்றும் நியாய நூலார் வகுத்தனர். அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரிலே பரபக்கத்தை முன்வைத்தார். உலோகாயதர் முதலிய 14 மதத்தினர் கொள்கைகளையும் முதலில் எடுத்துக் கூறி, பின்னரே மறுத்தார். தம் கொள்கையைக் கூறும் சுபக்கம் அதன் பின்னரே வருகின்றது.

ஆறுமுக நாவலரும் மிஷன் பாடசாலையிற் பயின்று, ஆங்கே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவியவர். மாற்றார் நூலை வரிவரியாக அறிந்த பின்னரே, 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார்.

வகுப்பறையிலும் இம்முறையே வேண்டும். “கோயில் திருவிழாச் செலவைச் சுருக்கிப் பாடசாலைக்கு வழங்குதல் தகும்” என்பது பொருளாகட்டும். எவர் எக்கட்சி என்பதைத் திருவுளச்சீட்டு முடிவு செய்யட்டும். மறுக்க எழுபவர், முன் பேசியவரின் நியாயத்தை முதலில் திருப்பிக் கூறல் வேண்டும். “ஆம், நான் சொன்னது அதுவே” என அவர் ஒப்பிய பின்னரே மறுப்புத் தொடங்கலாம். அடுத்த வாரம் கட்சிகள் மாறட்டும். ஆசிரியர் புள்ளி வழங்குவது நியாயத்துக்கேயன்றி நகைச்சுவைக்கன்று.

தாம் நம்பாததைப் பேசுதல் பொய்யாகாதோ எனின், ஆகாது. பயிற்சி என்பதை அவையோர் யாவரும் அறிவர். மாற்றார் நியாயத்தை அறியாதவனுக்குத் தன் கொள்கையும் முழுதும் விளங்காது.

திருவிழாச் செலவு பற்றி நம் சங்கத்திலேயே இளைஞர் ஒருபுறமும் பெரியோர் ஒருபுறமுமாக நிற்பதுண்டு. அடுத்த கூட்டத்தில் பெரியோரின் கட்சியை இளைஞராகிய நாம் பேசுவோம். எமது கட்சியைப் பெரியோர் பேசியருள வேண்டும். அன்று எவர் வென்றாலும் சங்கம் தோற்காது.